தானே கட்டித் தானே ஏறும் வானூர்தி

கல்வி என்றால் பாடநூல், தேர்வு, பட்டம் என்ற அளவில் நாம் நிறுத்திக்கொள்கிறோம். இதற்கு மாறான ஒரு விளக்கம், நாம் எதிர்பாராத ஓரிடத்தில், அமெரிக்க நாட்டின் வான்போக்குவரத்து விதிகளில் காணப்படுகிறது. தொழிற்சாலையில் செய்யப்படாமல், தனிமனிதர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டும் சிறு வானூர்திக்கு அந்நாடு இசைவு தருகிறது. ஆனால் ஒரு கட்டுப்பாட்டையும் விதிக்கிறது. அவ்வூர்தியின் பெரும்பகுதியை, தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் அப்பணியை மேற்கொண்டவர்களே உருவாக்கிப் பொருத்தியிருக்க வேண்டும். '51 விழுக்காட்டு விதி' என்று வழக்கில் இதனைக் கூறுவர்.

ஒருவர் உலோகத் தகட்டை வெட்டுவதையும், துளையிடுவதையும், ஆணி அடிப்பதையும் ஓர் அரசு 'கல்வி' என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. இந்தச் சொல்லாட்சி நம் சிந்தனைக்கு உரியது. கையால் செய்யும் வேலையைப் படிப்பிலிருந்து பிரித்து, அதற்கு ஒரு படி கீழே வைத்துப் பழகிய நமக்கு, இக்கலையின் வரலாறும் நடைமுறையும் சொல்லும் செய்திகள் பல.

கொட்டகையில் பிறந்த கலை

வானூர்தியே முதலில் வீட்டுத் தொழிலாகத்தான் தோன்றியது. 1903 டிசம்பர் 17ஆம் நாள் கிட்டி ஹாக் மணல்வெளியில் 12 நொடிகள் பறந்த ஊர்தியைக் கட்டிய ரைட் சகோதரர்கள், டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள். அவர்களுடைய எஞ்சினை அக்கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் சில வாரங்களில் செய்து முடித்தார். பாரிசில் வாழ்ந்த பிரேசில் நாட்டவரான சந்தோஸ் துமோன், ஒருவர் மட்டுமே அமரக்கூடிய 'தெமோய்செல்' என்னும் மிகச் சிறிய ஊர்தியை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை தேடாமல், விரும்புவோர் எவரும் கட்டலாம் என்று வரைபடங்களைப் பொதுவில் வைத்தார். 1910இல் ஓர் அமெரிக்க இதழ் அவற்றை வெளியிட்டது.

பின்னர் வானூர்தி பெருந்தொழிலாக வளர்ந்தது. ஆயினும் தனிமனிதரின் ஆர்வம் அற்றுப்போகவில்லை. 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபரெஸ்னி என்பவர் தாமே வானூர்தி கட்டுவோருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் ஆஷ்காஷ் நகரில் நடத்தும் ஆண்டுக் கூடுகை இன்று உலகப் புகழ் பெற்றது. ஆரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் என்னும் பொறியாளர் கட்டிய ஆர்.வி.3 என்னும் ஓரிருக்கை அலுமினிய ஊர்தி 1971இல் முதன்முதலாகப் பறந்தது. அதைக் கண்டவர்கள் தமக்கும் வேண்டும் என்று கேட்டதால் பாகங்களை விற்கத் தொடங்கினார். அந்த வரிசையைச் சேர்ந்த ஊர்திகள், பின்னர் வந்த இரண்டு, நான்கு இருக்கை வகைகளையும் சேர்த்து, 11,000க்கும் மேற்பட்டவை இதுவரை பறந்துள்ளன. பிரான்சு நாட்டில் மிஷேல் கொலம்பான் வடிவமைத்து 1973இல் பறந்த 'கிரி-கிரி'யோ இன்னும் சிறியது. ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை அதன் இறக்கை 4.9 மீட்டர்தான். இரண்டு எஞ்சின்களைக் கொண்டிருந்தும் அதன் வெற்றெடை 80 கிலோவுக்கும் குறைவு.

பெட்டியில் வருவது பாதி

பாகங்கள் எல்லாம் பெட்டியில் வந்து சேரும்போது, அவற்றைப் பொருத்துவதில் என்ன கல்வி இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். இன்று பல நிறுவனங்கள் தகடுகளை வெட்டி, வளைத்து, துளைகளையும் இட்டே அனுப்புகின்றன. அப்படியிருந்தும் ஒரு சிறு ஊர்தியைக் கட்டி முடிக்கப் பொதுவாக ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலான உழைப்பு வேண்டும். வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு ஆண்டுகள். அந்த நேரம் எதில் செல்கிறது என்பதைப் பார்த்தால் கேள்விக்கு விடை கிடைக்கும்.

அலுமினியத் தகட்டில் துளையிட்டதும் அதன் விளிம்பில் நுண்ணிய பிசிர் நிற்கும். கட்டுபவர் ஒவ்வொரு துளையிலும் அந்தப் பிசிரை நீக்க வேண்டும். தகட்டின் ஓரங்களை அரத்தால் தேய்த்து மழுமழுப்பாக்க வேண்டும். பறக்கும்போது இறக்கை இடைவிடாமல் அதிர்கிறது, வளைந்து நிமிர்கிறது. அந்த அழுத்தம் கூர்மையான இடத்தில் சென்று குவியும். அங்கேதான் விரிசல் பிறக்கும். பிறகு அரிமானத் தடுப்புப் பூச்சு. பிறகு தற்காலிகப் பிடியாணிகளால் தகடுகளை இணைத்து அளவு பார்த்தல். அதன் பிறகே நிலையான ரிவெட் ஆணிகள். ஓர் ஊர்தியில் இவ்வாணிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். சரியாக அமையாத ஆணியைத் துளையிட்டு எடுத்து மீண்டும் அடிக்க வேண்டும்.

இறக்கையின் மேல்தகட்டை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் வேலையை ஒருவரும் காணமாட்டார். பிசிர் நீக்கப்பட்டதா, பூச்சு மூலைமுடுக்கெல்லாம் சென்றதா என்பதைக் கட்டியவர் மட்டுமே அறிவார். அரசின் ஆய்வாளர் முடிந்த ஊர்தியைப் பார்க்கிறார்; கட்டுமானக் குறிப்பேட்டையும் நிழற்படங்களையும் புரட்டுகிறார். மூடப்பட்டுவிட்ட ஒவ்வொரு துளையையும் அவர் திறந்து பார்க்க இயலாது. இங்கே உண்மைக்குக் காவல் நிற்பது கட்டியவரின் மனச்சான்று. ஓரிருக்கை ஊர்தியில் இது இன்னும் கூர்மை பெறுகிறது. செய்த வேலையின் பயனை நுகர்பவரும், செய்யாமல் விட்டதன் விளைவைத் தாங்குபவரும் ஒருவரே.

நம் கல்விமுறையில் இல்லாதது இதுதான் என்று நாம் கருதுகிறோம். தேர்வுத்தாளில் தவறான விடை எழுதினால் இரண்டு மதிப்பெண் குறையும். மற்றவற்றைச் சரியாக எழுதி முதல் வகுப்பும் பெறலாம். இறக்கையின் முதன்மைத் தண்டில் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று ஒன்று இல்லை.

பறப்பதற்கு முன்னும் பின்னும்

கட்டி முடிந்த ஊர்தியை உடனே பறக்கவிடுவதில்லை. மூன்று சக்கரங்களின் கீழும் எடைத்தராசு வைத்து, ஈர்ப்பு மையம் குறித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று கணக்கிட வேண்டும். அது அளவுக்கு மேல் பின்னால் சென்றால் ஊர்தி விமானியின் கைக்கு அடங்காது. எரிபொருள் தடையின்றி வருகிறதா என்று அளக்க வேண்டும். ஓடுதளத்தில் மெதுவாக ஓட்டிப் பழக வேண்டும். அமெரிக்க நடைமுறையில், முதல் 25 மணி அல்லது 40 மணி நேரப் பறப்பு சோதனைக் காலமாக விதிக்கப்படுவது பெருவழக்கு. அக்காலத்தில் பயணிகளை ஏற்றக்கூடாது. மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளைத் தவிர்த்துக் குறித்த எல்லைக்குள்ளேயே பறக்க வேண்டும்.

மற்றொரு விதியும் நோக்கத்தக்கது. ஊர்தியைக் கட்டிய முதன்மையானவர், அதனை ஆண்டுதோறும் ஆய்ந்து தகுதி உரைக்கும் சான்றிதழை அரசிடமிருந்து பெறலாம். அந்தத் தகுதி அவர் கட்டிய அந்த ஓர் ஊர்திக்கு மட்டுமே செல்லும். ஊர்தியை விற்கலாம், சான்றிதழை அதனுடன் சேர்த்து விற்க முடியாது. வாங்கியவருக்குக் கிடைப்பது பொருள். அறிவு கட்டியவரிடமே தங்கிவிடுகிறது.

இது வெறும் தத்துவம் அன்று. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதனை எண்களால் காட்டுகிறது. 2011ஆம் ஆண்டில் அந்நாட்டின் பொதுவகைச் சிறு வானூர்திகளில் ஏறத்தாழ 10 விழுக்காடு தனியார் கட்டியவை. விபத்துகளிலோ அவற்றின் பங்கு சுமார் 15 விழுக்காடு. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் 21 விழுக்காடு. இவ்விபத்துகளுக்கு உள்ளான ஊர்திகளில் பாதிக்கும் மேற்பட்டவை, கட்டியவரிடம் இருந்தவை அல்ல; பிறர் விலைக்கு வாங்கியவை.

முதல் எண்கள் ஆர்வத்தால் கண்ணை மூடிக்கொள்வோருக்கு எச்சரிக்கை. இந்தக் கலை ஆபத்து நிறைந்தது என்பதை மறைத்து இளைஞர்களுக்கு அதைப் புகழ்ந்துரைப்பது அறமாகாது. இறுதிச் செய்தியோ, தாம் கட்டாத ஒன்றைத் தம்முடையது என்று நம்புவோருக்கு எச்சரிக்கை.

கை மட்டும் போதுமா?

கைத்திறமே எல்லாம் என்று கூறுவதும் பிழை. இதற்குச் சான்று பிரான்சு நாட்டின் ஆன்றி மினியே. அவர் 1933இல் பறக்கவிட்ட 'வானத்துப் பேன்' என்று பொருள்படும் பெயருடைய ஓரிருக்கை ஊர்தி, மரத்தாலும் துணியாலும் ஆனது. 1934இல் அதைக் கட்டும் முறையை எளிய மொழியில் நூலாக எழுதினார். ஆங்கிலத்திலும் அந்நூல் வெளிவந்தது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் எளிய மக்கள் நூற்றுக்கணக்கில் தம் கொட்டகைகளில் அதைக் கட்டத் தொடங்கினர். 1935இல் மினியே தாமே அவ்வகை ஊர்தியில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

பின்னர் உயிரிழப்புகள் நேர்ந்தன. 1936இல் இரு நாடுகளிலும் பெரிய காற்றுச் சுரங்கங்களில் ஊர்தியைச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு இறக்கைகளும் நெருங்கியிருந்ததால், மூக்கு ஓரளவுக்கு மேல் கீழே சாய்ந்துவிட்டால், விமானி கோலை இழுத்தும் ஊர்தி நிமிரவில்லை. தச்சு வேலையில் குறை வைக்காதவர்களும் வரைபடத்தில் மறைந்திருந்த குறைக்கு இரையாயினர். மினியே பின்னர் தம் வடிவமைப்பைத் திருத்தினார். ரைட் சகோதரர்களோ பறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1901இல், தாமே செய்த மரப்பெட்டிச் சுரங்கத்தில் சுமார் 200 சிறு இறக்கை வடிவங்களை அளந்து பார்த்திருந்தனர். கை செய்ததை அறிவு சோதிக்க வேண்டும். அறிவு கூறியதைக் கை மெய்ப்பிக்க வேண்டும். ஒன்றில்லாத மற்றொன்று ஊனமே.

நம் பெருமையும் நம் பொறுப்பும்

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸின் பெயரை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். சிறகு பூட்டிப் பறக்க முயன்ற முன்னோடி அவர். நிலவின் பள்ளம் ஒன்றுக்கும், அந்நகரில் 2011இல் திறக்கப்பட்ட பாலம் ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஆனால் அவரைப் பற்றிப் பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரி குறித்திருப்பதில் ஒரு பகுதியை நாம் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிறோம். கணிசமான தொலைவு பறந்த அவர் இறங்கும்போது அடிபட்டார். பறவை தரையிறங்க வாலின் துணை வேண்டும் என்பதை அவர் எண்ணாததே காரணம் என்கிறது அக்குறிப்பு. பறந்தார் என்பது பெருமைக்குரிய செய்தி. வாலை மறந்தார் என்பதோ பாடத்துக்குரிய செய்தி. பெருமையைப் போற்றிவிட்டுப் பாடத்தை விட்டுவிடுவது, முன்னோரின் பெயரைச் சுமந்து அவர்களுடைய அரத்தையும் உளியையும் கீழே போடுவதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டில் இது இயலுமா என்று ஐயுறுவோர், மும்பையின் அமோல் யாதவை நினைக்கலாம். விமானியான அவர் தம் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை வானூர்தி ஒன்றைக் கட்டினார். 2016இல் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2017இல் பதிவு கிடைத்தது. 2019இல் பறக்க இசைவு கிடைத்தது. கட்டுவதற்கு வேண்டிய பொறுமைக்குச் சற்றும் குறையாத பொறுமை இசைவு பெறுவதற்கும் வேண்டியிருந்தது.

ஒவ்வொரு மாணவரும் வானூர்தி கட்ட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அதற்குப் பல லட்ச ரூபாய் வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது எட்டாதது. நாம் கேட்பது எளியது. எத்துறை மாணவராயினும், கல்லூரியில் பயிலும் மூன்றாண்டுகளில் ஒரு பொருளையாவது தம் கையால் முழுமையாகச் செய்து, அதைத் தாமே பயன்படுத்திக் காட்டும் வாய்ப்பு வேண்டும். இரண்டடி நீள அலுமினியத் தகடு, ஒரு துளைக்கருவி, ஓர் அரம், ஒரு பிடி ஆணிகள் இருந்தால் இறக்கையின் ஒரு துண்டைச் செய்து, அதன்மேல் எடை ஏற்றி எப்போது வளைகிறது என்று பார்க்கலாம். தமிழ்த்துறைக்கும் இதில் பங்குண்டு. மினியேயின் நூலை வாசித்தவர்கள் தம் தாய்மொழியில் வாசித்தனர். அதனால்தான் அவர்கள் கை துணிந்தது. பிசிர், அரம், ஆணி முதலிய சொற்கள் நம் பட்டறைகளில் உயிரோடு வழங்குகின்றன. அவற்றைக் கொண்டு ஒரு செய்முறை நூலைத் தமிழில் எழுதுவது, புதுக்கவிதைத் தொகுப்பு ஒன்றை வெளியிடுவதற்கு எவ்வகையிலும் தாழ்ந்த பணியாகாது.

சமுதாயப் பெரியோருக்கு நம் வேண்டுகோள் ஒன்று. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பரிசு வழங்குவதோடு, ஒரு மாணவர் செய்து கொண்டுவரும் பொருளையும் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, 'இதன் உட்புறத்தை எப்படி முடித்தாய்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வி கேட்கப்படும் என்று தெரிந்தால், யாரும் காணாத இடத்திலும் பிசிரை நீக்கும் தலைமுறை ஒன்று உருவாகும்.