தாயிடமிருந்து பிரிக்காதீர், பள்ளியிலிருந்து விலக்காதீர்: சேலம், நாமக்கல் பிள்ளைகளுக்கான கோரிக்கைச் சாசனம்

சேலம், நாமக்கல் மாவட்ட ஆட்சியர்களுக்கும், குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறைக்கும், பள்ளிக் கல்வித் துறைக்கும், இரு மாவட்டங்களின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், லாரி, கோழிப்பண்ணை, விசைத்தறி, தனியார் பள்ளி உரிமையாளர் சங்கங்களுக்கும் இதை எழுதுகிறோம். குழந்தைகள் இல்லங்களை நடத்துவோர், அங்கே பாடம் சொல்லித் தருவோர், தங்கள் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத் திரும்பிய தாய்மார் எல்லோருடைய குரலும் இதில் உண்டு.

மதிய உணவுக் கூடங்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முட்டை என்றால் தமிழ்நாடே நாமக்கல்லைத்தான் நினைக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகப் பிற மாவட்டத்துப் பெற்றோர் நகையை அடகு வைத்தாவது கொண்டுவந்து சேர்க்கும் விடுதிப் பள்ளிகள் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் சாலையோரமெங்கும் நிற்கின்றன. ஊரார் பிள்ளைகளைத் தங்க வைத்து, சோறு போட்டு, படிக்க வைக்கத் தெரிந்த மண் இது. அந்த அனுபவத்தில் ஒரு பங்கை இந்த மண்ணின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் கேட்கிறோம். சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்கிறோம்.

யார் இந்தப் பிள்ளைகள்? நாக்பூருக்கோ கட்டாக்கிற்கோ லோடு ஏற்றிப் போன அப்பா விபத்தில் இறந்த செய்தி போனில் வந்த சங்ககிரி வீட்டுப் பிள்ளைகள். எச்.ஐ.வி. தொற்றுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்து, பாட்டியின் முதியோர் உதவித்தொகையில் வளர்ந்தவர்கள். கோழிப்பண்ணைக்குள்ளேயே குடியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் பிள்ளைகள். எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர்களும் இவர்களில் உண்டு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்து வீடுகளில் கொலுசுக்குச் சலங்கை கோக்கும் சிறு விரல்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகளில் வாங்கிய முன்பணம் அடையாமல், அம்மாவுக்குத் துணையாகத் தார் சுற்ற உட்கார்ந்துவிட்ட பெண் பிள்ளைகள். கடனை அடைக்கத் தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025 ஜூலையில் பள்ளிபாளையத்திலிருந்து வந்து நாட்டையே உலுக்கியது. சிறுநீரகம் வரைக்கும் போன கடன், அதற்கு முன்பே பிள்ளையின் படிப்பைத் தின்றிருக்கும்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் எந்தக் குழந்தைகள் இல்லத்தின் வாசலுக்கும் போய்ப் பாருங்கள். துணிப்பையில் இரண்டு செட் உடுப்பு, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு நகல், கணவரின் இறப்புச் சான்று, பிள்ளையின் ஆதார். அந்தத் தாய் பிள்ளையை வேண்டாம் என்று விட வரவில்லை. "மூணு வேளை சோறும் படிப்பும் கிடைச்சாப் போதும் சார், லீவுக்குக் கூட்டிக்கிறேன்" என்கிறார். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். வீட்டில் வறுமை இருக்கிறது, அவ்வளவுதான். வறுமை ஒன்றே காரணமாகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் வழிகாட்டு நெறியே வகுத்தது. நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது நமது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை இல்லத்தைப் பற்றியது அல்ல, வீட்டைப் பற்றியது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தாயோடோ உறவினரோடோ வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருந்தால்தான் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் கூலி 300 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 90,000 ரூபாய். கிராமத்தில் தனியாக உழைத்துப் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய், ஒழுங்காக வேலைக்குப் போன குற்றத்துக்காகவே இந்த உதவியை இழக்கிறார். வருமான வரம்பை ஒன்றரை லட்சமாக உயர்த்த மத்திய அரசை மாநில அரசு வலியுறுத்த வேண்டும். அதுவரை, வரம்பைத் தாண்டியதால் விடுபடும் குடும்பங்களை மாநில நிதியிலிருந்து தாங்க வேண்டும். 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க இயலாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம், மனமார வரவேற்கிறோம். விதவைத் தாய் அலுவலகம் அலுவலகமாக அலைந்து விண்ணப்பிக்கும் நிலை மட்டும் மாற வேண்டும். இறப்புச் சான்று வழங்கும் அதே மேசையில், பள்ளி வயதுப் பிள்ளை உண்டா என்று கேட்டு, விண்ணப்பம் அங்கேயே பதிவாக வேண்டும். அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்த லாரி ஓட்டுநர் இறந்தால், விபத்து நிவாரணமும் பிள்ளைகளின் கல்வி உதவியும் குடும்பத்தைத் தேடி வரட்டும். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் உள்ள லாரி உரிமையாளர் சங்கங்கள் தங்களிடம் வேலை செய்யும் ஒவ்வொரு ஓட்டுநரையும் கிளீனரையும் வாரியத்தில் பதிவு செய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

அப்படியும் வீடு அமையாத பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கு இல்லம் வேண்டும், நல்ல இல்லம் வேண்டும். அரசு மானியம் பெறும் இல்லத்துக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய் பராமரிப்புத் தொகை. நாளைக்கு 100 ரூபாய். காலை இட்லி, மதியம் சோறு, இரவுச் சாப்பாடு, சோப்பு, உடுப்பு, காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இதை இரட்டிப்பாக்கி, விலைவாசியோடு ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். தொகையை உயர்த்தும் அரசு கண்காணிப்பையும் உயர்த்த வேண்டும். 2022 அக்டோபரில் திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியில் ஒரு தனியார் காப்பகத்தில் கெட்டுப்போன உணவால் மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். வேறு மாவட்டத்துச் சேதி என்று அதை நாம் ஒதுக்க முடியாது. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமை பற்றிய 2007ஆம் ஆண்டுப் பத்திரிகைச் செய்தியிலிருந்து பிறந்த வழக்கில்தான், எல்லா இல்லங்களும் பதிவு பெற வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்று 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் உள்ள குழு ஒவ்வோர் இல்லத்தையும் நேரில் பார்க்க வேண்டும். அந்த ஆய்வு அறிக்கைகளை, பிள்ளைகளின் அடையாளம் நீக்கி, மாவட்ட இணையதளத்தில் வெளியிடக் கோருகிறோம். ஆய்வுக்கு வருவோர் அலுவலக அறையில் காபி குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. சமையலறையையும் கழிப்பறைத் தாழ்ப்பாளையும் பார்க்கட்டும். வார்டன் இல்லாத இடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசட்டும்.

பிள்ளை இல்லத்தில் இருப்பதா வீட்டுக்குத் திரும்புவதா என்று ஆணையிடும் மாவட்டக் குழந்தைகள் நலக்குழு, தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது. மாதம் 20 நாளாவது கூட வேண்டும். பதவிகள் காலியாகும் முன்பே புதியவர்களை நியமிக்க வேண்டும். குழு முடங்கினால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் ஆணையும் நிற்கும், தத்துக் கொடுக்கத் தகுதியானவர் என்று பிள்ளையை அறிவிக்கும் ஆணையும் நிற்கும்.

இனிப் பள்ளி. கல்வி உரிமைச் சட்டம் 2009, வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. நடப்பு வேறு. ஆண்டின் நடுவில் இல்லத்துக்கு வரும் பிள்ளைக்குப் பழைய பள்ளியின் டி.சி. வர வாரக்கணக்கில் ஆகிறது. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸ் எண் பழைய பள்ளியிலேயே நிற்கிறது, அல்லது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் 'காமன் பூல்' என்ற பட்டியலுக்குள் போய்விடுகிறது. அங்கே கிடக்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு பிள்ளை. நலக்குழுவின் ஆணை வந்த ஏழு நாளுக்குள் எமிஸ் மாற்றமும் பாடநூலும் சீருடையும் கிடைக்க வட்டாரக் கல்வி அலுவலர் பொறுப்பேற்கட்டும்.

இந்த இரு மாவட்டங்களிலும் குழந்தைத் தொழிலாளர்களுக்கென நடந்த சிறப்புப் பயிற்சி மையங்கள், தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021 ஏப்ரலில் சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்டதில் தனி முகம் இழந்தன. சமக்ர சிக்ஷா நிதியிலேயே மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இழுபறி வந்தபோது, நடுவில் நின்றவர்கள் பிள்ளைகள். தறிக்கூடங்களுக்கும் கொலுசுப் பட்டறைகளுக்கும் நடந்து போகும் தூரத்தில் அந்த மையங்களை மறுபடி திறவுங்கள். கோழிப்பண்ணை உரிமம் புதுப்பிக்கும்போது, பண்ணைக்குள் வசிக்கும் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்ற பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். ஒடியாவும் இந்தியும் பேசும் அந்தப் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதம் இருமொழி தெரிந்த ஒரு தன்னார்வலர் வேண்டும். பண்ணையிலிருந்து பள்ளிக்கு வண்டியைப் பண்ணை உரிமையாளர் தரலாம். தீவனம் ஏற்றும் வண்டிகள் ஓடாத பண்ணைச் சாலை கிடையாது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தால் மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களுக்கும் உண்டு. நல்லெண்ணத்தோடு ஓர் இல்லம் தன் பிள்ளைகளைத் தனியார் பள்ளியிலோ தன் வளாகத்து உதவிபெறும் பள்ளியிலோ படிக்க வைத்தால் உள்ஒதுக்கீடு போய்விடுகிறது. பள்ளியைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பிள்ளை அல்ல. பதிவுபெற்ற இல்லத்தில் வளர்ந்த பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் அரசுப் பள்ளி மாணவராகவே கருதும் அரசாணை வேண்டும்.

எச்.ஐ.வி.யோடு வாழும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் பாகுபாடு காட்டுவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. மருந்து வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் நாளை வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' போடாதீர்கள். காரணத்தை வகுப்பில் கேட்காதீர்கள்.

அடுத்து, பச்சிளங்குழந்தைகள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது இந்தச் சேலத்தில்தான். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. அதே நிலப்பரப்பில் 2019இல் ராசிபுரத்திலும் 2023இல் திருச்செங்கோட்டிலும் குழந்தை விற்பனை வழக்குகள் பதிவாயின. பெற்ற குழந்தையை வளர்க்க முடியாத தாய், நலக்குழு முன் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் திரும்பப் பெறலாம். இதை ஒவ்வொரு மகப்பேறு வார்டிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். தரகர் சொல்வதற்கு முன்பே செவிலியர் சொல்லட்டும்.

பதினெட்டு முடிந்த மறுநாள் இல்லத்துப் பிள்ளை எங்கே போவது? சட்டத்தில் பிற்காப்பு உண்டு, 21 வயது வரை ஆதரவு தரலாம். எங்களுக்கு வேண்டியது சேலம் நகரத்தில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு பிற்காப்பு விடுதிகள். கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எல்லாம் பஸ்ஸில் எட்டும் தூரத்தில் இருக்கின்றன, படுக்க இடம்தான் இல்லை. இல்லத்தை விட்டுப் புறப்படும் நாளில் பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், மதிப்பெண் சான்றுகள் முழுமையாகக் கையில் இருக்க வேண்டும். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் வளரும் ஆதரவற்ற பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அப்பா சாதி என்ன' என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை நாங்கள் அறிவோம். பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வருமுன் அந்தச் சான்று வழங்கப்பட வேண்டும்.

ஊர் மக்களிடமும் ஒரு கோரிக்கை. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் இல்லத்தில் சாப்பாடு போடுகிறீர்கள். அந்த அன்பை நாங்கள் அறிவோம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அவர்களை அடையாளம் காட்டிப் படம் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட முக்கியமாக, நாளை வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டிப் பிள்ளையைக் கேலி செய்வார்கள். பிரியாணிக்குப் பதில் ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு கல்லூரி விண்ணப்பக் கட்டணம், வாரம் இரண்டு மாலை கணக்குப் பாடம் கொடுங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் பாதிக்குப் புதுச் சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டத்தை நடத்தினால் போதும். வரும் ஜூன் பள்ளி திறப்பதற்குள் இரு மாவட்ட ஆட்சியர்களும் எங்களை அழைத்து, எதை எந்தத் தேதிக்குள் செய்வோம் என்று எழுத்தில் தர வேண்டும். இதைப் படிக்கும் நீங்கள் தறிக்கூடத்திலோ பண்ணையிலோ பஸ் ஸ்டாண்டிலோ பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளையைக் கண்டால் 1098 எண்ணுக்கு அழையுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.