முற்றுப்புள்ளி சொல்லும் சேதி

அருங்காட்சியக இணையதளங்களில் சிலைகளையும் ஓவியங்களையும் பெரிதாக்கி ரசிப்பவர்கள் பலர். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் உடைமை வரலாறுவரை போகிறவர்கள் சிலர்தான். யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில், விற்பனையா நன்கொடையா என்று சொல்லும் அந்தப் பகுதி, வீடு வாங்குபவர் புரட்டிப் பார்க்கும் வில்லங்கச் சான்றிதழ் மாதிரி.

அதை எழுதவும் ஒரு முறை உண்டு. அமெரிக்க அருங்காட்சியகச் சங்கம் 2001-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பொருள் ஒருவரிடமிருந்து நேரே அடுத்தவருக்குப் போனது உறுதி என்றால் இரண்டு பெயர்களுக்கும் நடுவே அரைப்புள்ளி வர வேண்டும். இடையில் யாரிடம் இருந்தது என்று தெரியாவிட்டால் முற்றுப்புள்ளி. வணிகரின் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும். ஆதாரம் அடிக்குறிப்பில் வரும்.

நாஜிகள் பறித்த ஓவியங்களைத் தேடும்போதுதான் இந்தக் கறார் தேவைப்பட்டது. 1998-இல் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடிப் பேசிய பிறகு, 1933 முதல் 1945 வரை ஓவியம் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு அருங்காட்சியகங்கள் வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நம் ஊர்ச் சிலைகளுக்கும் இது பொருந்தும். ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 16-ஆம் நூற்றாண்டுத் திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி ஒன்றை 1967-இல் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் வாங்கியது. விற்றவர் பெல்மான்ட் என்ற சேகரிப்பாளர். ஏலத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் நடுவே தாராளமாக அரைப்புள்ளி போடலாம். ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1957-இல் எடுத்த படத்தில் அதே ஆழ்வார் கும்பகோணம் பக்கத்துப் பெருமாள் கோயிலில் நிற்கிறார். கோயிலுக்கும் பெல்மான்ட்டுக்கும் நடுவே முற்றுப்புள்ளிதான் போட முடியும். அந்தப் படம் 2019-இல் ஓர் ஆய்வாளர் கண்ணில் பட்டது. சிலையைத் திருப்பித் தர 2024 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மன்றம் ஆதரவு தெரிவித்தது.

அரைப்புள்ளி பொய்யும் சொல்லும். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர், 1970 வாக்கிலேயே இந்தியாவைவிட்டுப் போய்விட்டதாக விற்றவர் தந்த காகிதங்கள் காட்டின. தொல்பொருள் ஏற்றுமதியை இறுக்கிய 1972 சட்டத்துக்கு முந்தைய காலம் அது. போலிப் பத்திரம் தயாரிப்பவருக்கு வசதியான ஆண்டு. அதற்குப் பிறகும் நடராஜர் கோயிலிலேயே இருந்ததைப் புதுச்சேரிப் படங்கள் காட்டிக்கொடுத்தன. 2014-இல் அவர் இந்தியா திரும்பினார். இங்கே புள்ளிகளைவிட அடிக்குறிப்பு முக்கியமாகிறது: விற்றவர் சொன்னது மட்டுமா, வேறு சான்றும் உண்டா என்பது அங்கேதான் தெரியும்.

பிட்ஸ்பர்க்கின் கார்னகி கலை அருங்காட்சியகம் 'ஆர்ட் டிராக்ஸ்' என்ற திட்டத்தில் இந்த விதிகளைக் கணினி படிக்கும் வடிவுக்குக் கொண்டுவந்தது. எல்லாக் கூடங்களும் இப்படி எழுதிவிட்டால், முற்றுப்புள்ளி விழுந்த தென்னிந்தியத் திருமேனிகளை மட்டும் ஒரே தேடலில் பொறுக்கியெடுத்துப் புதுச்சேரிப் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிடலாம்.