மரம் வாங்கும் முன் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "இதில் உருப்படியாக என்ன செய்யலாம்?" என்பதுதான். மெயில், சினிமா, பையனின் ஸ்கூல் பிராஜெக்ட் இவற்றைத் தாண்டி ஏதாவது வேண்டும் என்பார்கள். நான் சொல்லும் பதில் சிலருக்கு விநோதமாகப் படும். கையால் எதையாவது கட்டுங்கள், அதன் கணக்கை மட்டும் கம்ப்யூட்டரில் போடுங்கள் என்பேன். நான் சொல்வது அமெரிக்க வீடுகளில் உள்ள 'டெக்' பற்றி.

அங்கே பல வீடுகளில் பின்பக்கக் கதவு தரையிலிருந்து மூன்று அடி, சில சமயம் பத்து அடி உயரத்தில் இருக்கும். கதவைத் திறந்தவுடன் காலை வைக்க ஒரு மர மேடை. அதுதான் டெக். நாற்காலி போட்டு உட்கார, அடுப்பு வைத்துச் சமைக்க, நண்பர்கள் வந்தால் கூட்டமாக நிற்க அதுதான் இடம். கூலி மிக அதிகம் என்பதால் பலர் இதைத் தாங்களே கட்டிக் கொள்கிறார்கள். வட கரோலினாவில் என் அக்கா வீட்டில் அத்தானும் நானும் சேர்ந்து 12 அடிக்கு 16 அடியில் ஒன்று கட்டினோம். ரம்பம் அவர் கையில், கம்ப்யூட்டர் என் கையில். (மரம் தூக்கியதில் என் பங்கும் உண்டு.)

இப்படி ஒரு வேலை என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது, "முப்பரிமாணப் படம் போடும் சாப்ட்வேரை இறக்கிக் கொள்" என்று. ஸ்கெட்ச்அப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2006-ல் கூகுள் வாங்கி, 2012-ல் டிரிம்பிள் நிறுவனத்திடம் விற்றது. இன்று பிரவுசரிலேயே இயங்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது. அருமையான சாப்ட்வேர்தான், நானும் பயன்படுத்தினேன். ஆனால் அதில் ஆரம்பிக்கக் கூடாது என்பது என் கட்சி. அந்தப் படத்தில் தூண் அந்தரத்தில் நின்றாலும் விழாது. ஒரு ஆணி கூட இல்லாமல் உத்தரம் தொங்கும். படத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது போன்ற நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதிதான் ஆபத்து.

பெரிய மரக்கடைகளின் வெப்சைட்டுகளிலும் டெக் டிசைன் செய்யும் வசதி இருக்கிறது. நீளம், அகலம் கொடுத்தால் படமும் வரும், வாங்க வேண்டிய சாமான் பட்டியலும் வரும். விலை தெரிந்து கொள்ள மிகவும் உபயோகமானது. ஆனால் மரம் விற்பவர் தரும் பட்டியலை, அது எப்படி வந்தது என்று தெரியாமல் அப்படியே ஏற்றுக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே முதலில் எக்ஸெல். அது இல்லாதவர்களுக்கு லிப்ரே ஆபிஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு புது ஷீட்டைத் திறந்து பி1 செல்லில் 16, பி2 செல்லில் 12 என்று டைப் செய்யுங்கள். பி3-ல் இரண்டையும் பெருக்குங்கள். 192 சதுர அடி. அடுத்து பி4-ல் 50. இது ஒரு சதுர அடி தாங்க வேண்டிய எடை, பவுண்டில். அமெரிக்கக் கட்டட விதிகள் டெக்குக்குச் சொல்வது, ஆட்களும் நாற்காலிகளும் 40 பவுண்டு, மரத்தின் சொந்த எடை 10 பவுண்டு. பெருக்கினால் மொத்தம் 9,600 பவுண்டு, அதாவது 4,350 கிலோவுக்கு மேல். அந்த எண்ணைப் பார்த்ததும் அத்தான், "என்ன மாப்ளே, நாலு பேர் உட்கார மேடை கேட்டா நீ யானைக்குக் கொட்டாரம் கட்டுறியே" என்றார். நாலு பேர்தான் என்று யார் சொன்னது? பொங்கலுக்கு அந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அக்கா வீட்டுக்குத்தான் வருவார்கள். குழந்தைகள் ஓடுவார்கள், எல்லோரும் போட்டோவுக்காக ஒரே ஓரத்தில் வந்து நிற்பார்கள்.

இந்த எடை எங்கே போகிறது என்பதை அடுத்த செல்களில் எழுத வேண்டும். டெக்கின் ஒரு பக்கம் வீட்டுச் சுவரோடு பிணைத்த பலகையில் உட்காருகிறது. அந்தப் பலகைக்கு லெட்ஜர் என்று பெயர். மறுபக்கம் தூண்கள் மேல் உள்ள உத்தரத்தில் உட்காருகிறது. ஆளுக்குப் பாதி. உத்தரத்தின் பங்கு 4,800 பவுண்டு. எங்கள் டெக்கில் மூன்று தூண்கள். உத்தரத்தை நடுத்தூணின் மேல் இரண்டு துண்டாக வைத்தால் நடுத்தூணுக்குப் பாதி, அதாவது 2,400. ஒரே நீளமான மரமாக வைத்தால் நடுத்தூணின் பங்கு எட்டில் ஐந்தாகி 3,000 ஆகிவிடும். ஸ்கெட்ச்அப் படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்! இதற்காகத்தான் ஷீட்டில் ஆரம்பியுங்கள் என்கிறேன்.

மண் எவ்வளவு தாங்கும்? களிமண் பகுதிக்கு விதிப் புத்தகம் தரும் எண் சதுர அடிக்கு 1,500 பவுண்டு. 3,000-ஐ 1,500-ஆல் வகுத்தால் 2 சதுர அடி. 18 அங்குல விட்டமுள்ள வட்டக் கான்கிரீட் அடித்தளம் 1.77 சதுர அடிதான் வரும், போதாது. 20 அங்குலம் என்றால் 2.18, போதும். பி1-ல் உள்ள 16-ஐ 20 ஆக்கிப் பாருங்கள். மற்ற செல்கள் எல்லாம் தாமாக மாறும். அகலத்தைக் கூட்டினால் என்ன ஆகும், தூணைக் கூட்டினால் என்ன மிச்சம் என்று இருபது முறை கேட்டாலும் கம்ப்யூட்டர் சலித்துக் கொள்ளாது.

குழியின் ஆழம் நமக்குப் புதிய விஷயம். குளிர் நாடுகளில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து விரியும். அதன் மேல் நிற்கும் தூணை அப்படியே மேலே தள்ளிவிடும். அதனால் உறையும் ஆழத்துக்குக் கீழே அடித்தளம் போக வேண்டும். மின்னசோட்டா மாநிலத்தின் தென்பகுதியில் 42 அங்குலம், வடபகுதியில் 60 அங்குலம் என்று விதி. தெற்கே போகப் போக ஆழம் குறையும். இந்த எண்ணை உள்ளூர்க் கட்டட அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். தோண்டும் முன் 811 என்ற நம்பருக்குப் போன் செய்தால், பூமிக்குள் போகும் காஸ் குழாய், மின்சாரக் கேபிள்களை இலவசமாக அடையாளம் போட்டுத் தருகிறார்கள். 2007-லிருந்து அமெரிக்கா முழுவதற்கும் இந்த ஒரே நம்பர்தான்.

மரம் எண்ணுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே 'இரண்டுக்கு நாலு' என்று விற்கப்படும் கட்டை உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். 'ஆறு அங்குல' தளப் பலகை ஐந்தரை அங்குலம்தான். இது ஏமாற்று அல்ல, இழைத்துக் காய வைத்த பின் உள்ள அளவு. பெயர் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. 12 அடி என்பது 144 அங்குலம். ஆறால் வகுத்தால் 24 பலகை. ஐந்தரையோடு எட்டில் ஒரு அங்குல இடைவெளி சேர்த்து 5.625-ஆல் வகுத்தால் 25.6. ரவுண்ட்அப் பார்முலா அதை 26 ஆக்கித் தரும். மருந்தேற்றிய புது மரம் ஈரமாக இருந்தால் இடைவெளி விடாமல் நெருக்கி வைப்பார்கள், காய்ந்து சுருங்கும்போது இடைவெளி தானாக வரும். அப்போது 27. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பலகைக்காகக் கடைக்கு ஓடும் வேலை இதனால் மிச்சம்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். டெக் இடிந்து விழும்போது பெரும்பாலும் கைவிடுவது தூண் அல்ல, லெட்ஜர் பலகைதான். சுவரில் வெறும் ஆணி அடித்து மாட்டியிருப்பார்கள். ஆணி பக்கவாட்டில் வரும் இழுப்பைத் தாங்காது, உருவிக் கொண்டு வந்துவிடும். அரை அங்குல போல்ட்டோ, அதே கனமுள்ள திருகோ போட வேண்டும். எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்பதற்கு அட்டவணை இருக்கிறது. பலகைக்கு மேலே மழைநீர் உள்ளே புகாதபடி தகடு மடித்து வைக்க வேண்டும். 2015 ஜூனில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு பால்கனி முறிந்து 6 இளைஞர்கள் இறந்தார்கள். தண்ணீர் புகுந்து உள்ளே மரம் இற்றுப் போயிருந்தது. அதற்கு முன் 2003 ஜூனில் சிகாகோவில் ஒரு விருந்தின்போது மரத் தாழ்வாரம் சரிந்து 13 பேர் இறந்தார்கள். இரண்டிலும் நின்றிருந்தவர்கள் விருந்துக்கு வந்தவர்கள். தாங்கள் நிற்கும் பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களில் யார் குனிந்து பார்த்திருப்பார்கள்?

எனவே ஷீட்டில் போல்ட்டுக்குத் தனி வரி போடுங்கள். 'ஆணி, சில்லறைச் சாமான்' என்று ஒரே வரியில் அடக்காதீர்கள். இன்னொன்று, ஆர்சனிக் கலந்த பழைய மருந்து ஏற்றிய மரம் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த தாமிர மருந்துகளில் பல சாதாரண ஆணியைச் சீக்கிரம் அரித்துவிடும். சூடான துத்தநாகத்தில் முக்கிய ஆணி அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும். விலை கூடத்தான். இந்த வரியில் மட்டும் அத்தான் பேரம் பேசவில்லை.

இந்த எண்களையும் அட்டவணைகளையும் தேடி அலைய வேண்டாம். அமெரிக்கன் வுட் கவுன்சில் என்ற அமைப்பு டெக் கட்டுவதற்கென்றே டிசிஏ 6 என்ற கையேட்டை பிடிஎப் பைலாக இலவசமாகத் தருகிறது. எந்த மரம், எந்த அளவு, எத்தனை அடி தாண்டலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. இப்போது பலர் செயற்கை நுண்ணறிவு சாட்பாட்டைக் கேட்கிறார்கள். கேளுங்கள், தவறில்லை. ஆனால் அது சொல்லும் எண்ணை ஷீட்டில் ஏற்றும் முன் அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப் பார்க்காத எண்ணை நான் சிவப்பு நிறத்தில் வைத்திருந்தேன். எல்லா செல்லும் கறுப்பாகும் வரை மரம் வாங்குவதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

இதற்குப் பிறகு ஸ்கெட்ச்அப்பைத் திறக்கலாம். படிக்கட்டும் கைப்பிடியும் அதில்தான் சுலபமாக வரும். எங்கள் கதவு தரையிலிருந்து 38 அங்குல உயரம். ஒரு படி 7¾ அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது என்பது விதி. 38-ஐ 7.75-ஆல் வகுத்தால் 4.9, ஆக ஐந்து ஏற்றம், ஒவ்வொன்றும் 7.6 அங்குலம். டெக் 30 அங்குலத்துக்கு மேல் உயர்ந்தால் தடுப்பு கட்டாயம், அது குறைந்தது 36 அங்குல உயரம் வேண்டும். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது. குழந்தையின் தலையை நினைத்து வைத்த அளவு அது. படத்தில் ஒரு பந்தை வரைந்து, கம்பிகளுக்கு நடுவே நகர்த்திப் பார்த்துவிடலாம்.

படத்தையும் ஷீட்டையும் பிரிண்ட் எடுத்து அனுமதி விண்ணப்பத்தோடு கொடுத்தோம். குழி தோண்டியதும், கான்கிரீட் போடும் முன் அதிகாரி வந்து அளந்து பார்த்தார். மூன்று குழிக்கும் அளவு எழுதியிருந்த தாளை அவரே கேட்டு வாங்கிக் கொண்டார். பைலின் ஒரு நகல் பென்டிரைவிலும் இன்னொன்று அத்தானின் மெயிலிலும் இருக்கிறது. அதில் நான் கடைசியாகச் சேர்த்த பக்கம், வருடத்துக்கு ஒரு முறை எந்தெந்த போல்ட்டை முடுக்கிப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல். அடுத்த மாதம் முதல் தேதி வரப்போகிறது. அத்தானுக்கு நினைவூட்டல் மெயில் தானாகவே போகும்படி அமைத்திருக்கிறேன்.