கருத்து நன்று, கதை எங்கே?

திரைப்படத்தில் காண்பதெல்லாம் உலகில் அப்படியே நடப்பதாக இருத்தல் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இணைந்ததே புலனெறி என்பது தொல்காப்பியர் கொள்கை. ஆயின், புனைந்த நிகழ்ச்சிக்கும் கரணியம் வேண்டும்.

1996-இல் சங்கர் இயக்கிய 'இந்தியன்' படத்தை எண்ணிப் பாருங்கள். கையூட்டுக் கொடாமையால் மருத்துவமின்றி மகளை இழந்த முதியவர், கையூட்டு வாங்கிக்கொண்டு பழுதுற்ற பேருந்துக்குத் தகுதிச்சான்று தந்து பள்ளிச் சிறுவரைச் சாகவிட்ட தம் மகனையே கொல்கிறார். உலகில் காண்டற்கரிய செயல்தான், எனினும் நம்பினோம். ஒவ்வொரு செயலும் முன்னைச் செயலினின்று பிறந்தது.

அதே இயக்குநர் 2024-இல் அதன் இரண்டாம் பகுதியைத் தந்தார். அதே முதியவர், அதே கொள்கை. ஆயின், நூறு அகவை கடந்த அவர் இளைஞர் பலரை எளிதில் வீழ்த்துகிறார். தீயோர் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். உருக்கம் விளைய வேண்டிய இடத்தில் நகைப்பே விளைகின்றது.

"கருத்து நல்லதாயிற்றே, குறை கூறலாமா?" என்பார் உளர். கூறத்தான் வேண்டும். நம்பவியலாதவாறு சொல்லப்பட்ட அறம், அறத்தையே நகைப்புக்கு உள்ளாக்கும். நாளை அதனை மெய்யாகச் சொல்ல வருவானையும் எவரும் செவிமடுக்கமாட்டார்.

ஆகவே, கொள்கை நம்முடையது என்பதற்காகவோ, பெயர் தமிழாய் இருப்பதற்காகவோ ஒரு படத்தைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். 'இவன் இதனை ஏன் செய்தான்?' என்று கேளுங்கள். விடை கதைக்குள் இருப்பின் போற்றுங்கள், இல்லையேல் புறந்தள்ளுங்கள்!