சேர்க்கையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

"நல்ல பையன்தான் மேடம், சேர்க்கை சரியில்லை." குடிநோய் சிகிச்சைப் பிரிவில் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் பெற்றோர் முதலில் சொல்வது இதைத்தான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. முதல் பீரைக் கையில் கொடுப்பவன் பெரும்பாலும் நண்பன்தான். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி. செட்டில் மூத்தவன் ஒருவன் இருந்தால் அந்த விதிக்கு வேலையில்லை. ஆனால் கூடக் குடித்தவர்கள் எல்லாம் வேலை, வீடு என்று போய்விட, இவன் மட்டும் ஏன் தனியாக உட்கார்ந்து தினமும் குடிக்கிறான்?

டிப்ளமோ படித்த ஓர் இளைஞன் என்னிடம் சொன்னான்: "குடிச்சாத்தான் மேடம் தூக்கம் வருது." அரியர் நிற்கிறது, இன்டர்வியூ என்றாலே கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். பதற்ற நோய்க்கு அவனே எழுதிக்கொண்ட மருந்து, ஒரு குவார்ட்டர். அந்தத் தூக்கமோ நடுராத்திரியில் கலைந்துவிடும்; விடிந்தால் படபடப்பு இன்னும் கூடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவிடமும் வாடை அடித்தது. சின்ன வயதில் அவருக்கு சோடாவும் மிக்சரும் வாங்கி வந்து கொடுத்தவன் இவன்தான்.

வீட்டு வைத்தியங்களில் கோயிலில் கயிறு கட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். "கயிறு கட்டியிருக்கேன்டா" என்றால் நண்பர்கள் வற்புறுத்துவதில்லை. கால்கட்டு போட்டால் திருந்துவான் என்பதுதான் கொடுமை. இன்னொரு வீட்டுப் பெண்ணை ஏன் இதில் இழுக்க வேண்டும்? அவனுக்குத் தெரியாமல் குழம்பில் குடியை நிறுத்தும் மாத்திரை கலப்பதோ உயிரோடு விளையாடுவது. டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரை உள்ளே போயிருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தினமும் நிறையக் குடித்தவனை அறையில் பூட்டித் திடீரென நிறுத்த வைத்தாலும் வலிப்பு வரலாம்.

சிகிச்சைக்கு வருகிற ஒவ்வொரு இளைஞனிடமும் முதல் நாளே தூக்கம், பயம், சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றிக் கேட்க வேண்டும். குடி நின்று சில வாரங்கள் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். மனச்சோர்வு அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அப்பாவும் குடிப்பவர் என்றால் அவருக்கும் சேர்த்தே ஓ.பி. சீட்டு போட வேண்டும். அவர் தொடர்ந்து குடிக்கும் வீட்டுக்கு மகனைத் திருப்பி அனுப்பிவிட்டு, எத்தனை முறை மறுபடி சேர்ப்பது?

பையன் வர மறுத்தாலும் பெற்றோர் பேசலாம்: அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே.