களி திங்க வாங்க!

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு, தளி ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு என்று நாலு பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். ஓட்டல் போர்டுகளை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். செட்டிநாடு இருக்கிறது. திண்டுக்கல் இருக்கிறது. ஆம்பூர் பிரியாணி, மதுரை பன் பரோட்டா, உடுப்பி, ஆந்திரா மீல்ஸ், கேரளா மெஸ், அரேபியன் மந்தி... எல்லா ஊருக்கும் ஓசூரில் போர்டு உண்டு. ஓசூருக்கு மட்டும் கிடையாது!

"இங்கே நல்ல சாப்பாடு எங்க சார் கிடைக்கும்?" என்று உள்ளூர்க்காரரையே கேட்டுப் பாருங்கள். "ஓசூர்ல என்ன சார் இருக்கு... பெங்களூரு போயிடுங்க, நாப்பது கிலோமீட்டர்தானே" என்று கூசாமல் சொல்வார். 1970-களில் சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாகக் கம்பெனிகள் வந்து, 2019-ல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்ட ஊர் இது. பஸ், லாரி, பைக், கைக்கடிகாரம் எல்லாம் செய்யத் தெரிந்த ஊருக்கு, சாப்பாடு மட்டும் செய்யத் தெரியாதாம்!

சுத்தப் பொய். ஓசூருக்குச் சாப்பாடு உண்டு. அதைப் போர்டில் எழுத வெட்கம். அவ்வளவுதான் விஷயம்.

அந்தச் சாப்பாட்டின் பெயர் களி. ராகிக் களி. தமிழ் பேசுகிறவர் களி என்கிறார். கன்னடக்காரர் முத்தே என்கிறார். தெலுங்குக்காரர் சங்கடி என்கிறார். மூன்று பாஷையும் ஒரே தெருவில் புழங்குகிற ஊரில், மூன்று வீட்டுத் தட்டிலும் அதே உருண்டைதான். கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் நொய்யை வேகவிட்டு, ராகி மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, கையில் தண்ணீர் தொட்டு உருட்ட வேண்டும். தொட்டுக்கொள்ள கீரை மசியல், கொள்ளுச் சாறு, கருவாட்டுக் குழம்பு. மார்கழி, தை வந்துவிட்டால் அவரைக் கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கித் தள்ளிவிட்டு வைக்கிற பிதுக்குப் பருப்புக் குழம்பு. கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் சர்வ சாதாரணமான இந்தக் குழம்பை ஓட்டல் மெனுவில் தேட பூதக்கண்ணாடி வேண்டும்.

அதே அவரைக்காய்க்கு பெங்களூருவில் என்ன மரியாதை தெரியுமா? வருஷா வருஷம் குளிர்காலத்தில் 'அவரேக்காய் மேளா' என்று திருவிழாவே நடத்துகிறார்கள். அவரையில் தோசை, உப்புமாவில் ஆரம்பித்து ஜிலேபி வரை போகிறார்கள். நம் ஊர்க்காரர்களும் வண்டி கட்டிக்கொண்டு போய், காசு கொடுத்துத் தின்றுவிட்டு, "சூப்பர்!" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். நம் வீட்டுக் குழம்பை நாமே பாராட்ட, எல்லை தாண்டிப் போகவேண்டியிருக்கிறது.

வெட்கம் எங்கிருந்து வந்தது? மொழியிலேயே அது ஒளிந்திருக்கிறது. 'களி திங்கப் போறே' என்றால் தமிழில் என்ன அர்த்தம்? ஜெயிலுக்குப் போகிறாய் என்று அர்த்தம். சினிமா இன்ஸ்பெக்டர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு தானியத்தின் மானத்தை வாங்கிவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்து ஜெயிலில் மலிவான தானியம் என்று கைதிக்குப் போட்டதன் மிச்சம் இது. இன்றைக்குத் தமிழ்நாட்டுச் சிறைகளிலேயே சோறு, சப்பாத்தி, கோழிக்கறி எல்லாம் வந்தாகிவிட்டது. வசவு மட்டும் இன்னும் விடுதலையாகவில்லை!

அரிசியும் வெல்லமும் போட்டுக் கிண்டினால் அதுவே திருவாதிரைக் களி. பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஆக, களி என்ற வார்த்தை மேல் யாருக்கும் கோபம் இல்லை. ராகி யாருடைய சாப்பாடு என்பதுதான் பிரச்னை. மானாவாரிக் காட்டுக்காரன் சாப்பாடு, கூலிக்காரன் சாப்பாடு. சட்டைக் கசங்காத உத்தியோகம் கிடைத்ததும் முதலில் கழற்றிப் போடுவது அதைத்தான்.

ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் கால் வையுங்கள். அதே மண், அதே ராகி. ஆனால் அங்கே மிலிட்டரி ஓட்டல்களில் முத்தேயும் கறிச் சாறும் கேட்டு கார்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். 1996-ல் பிரதமரான தேவகவுடா ராகி முத்தே பிரியர் என்பது நாடு முழுக்கத் தெரிந்த சங்கதி. அதை அவர் மறைக்கவும் இல்லை, கன்னடர்கள் அதற்காகக் கூச்சப்படவும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரதமர் சாப்பாடு. இந்தப் பக்கம் கைதிச் சாப்பாடு. நடுவில் இருப்பது ஒரே ஒரு கோடு!

இதை எழுதுவதற்காக ஜூஜூவாடியில் ஆரம்பித்து சூளகிரி, கிருஷ்ணகிரி வரைக்கும் கையேந்தி பவன், மெஸ், ஏ.சி. ஹால் என்று வித்தியாசம் பார்க்காமல் ஏறி இறங்கினேன். களி இல்லாமல் இல்லை. சிப்காட் பக்கத்துச் சின்ன மெஸ்களில் இருக்கிறது. ஆனால் போர்டில் இல்லை. கேட்டால்தான் வரும். "போர்டுல எழுதினா ஆபீஸ் ஆளுங்க வரமாட்டாங்க சார். கூலிக்காரங்க கடைன்னு நெனச்சுப்பாங்க" என்றார் ஒரு மெஸ்கார அக்கா. அவர் போட்ட களி ஆவி பறந்தது. கருவாட்டுக் குழம்பில் புரட்டி, மெல்லாமல் வழுக்கி உள்ளே இறக்கினால், மதியம் மூன்று மணி வரை பசி எட்டிப் பார்க்கவில்லை. ஏ.சி. ஹால் ஒன்றில் களி கேட்டேன். சர்வர் சிரித்தார். சிரித்துவிட்டு, "மில்லட் பௌல் இருக்கு சார்" என்றார். விலையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதுதான் இன்னொரு கூத்து. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த வருஷம் டெல்லி ஜி-20 விருந்தில் உலகத் தலைவர்கள் தட்டில் தினை ஏறியது. உடனே பெரிய ஓட்டல்களில் 'மில்லட்' முளைத்தது. குக்கீஸ், பீட்சா, லட்டு... ராகிக்கு இங்கிலீஷ் பேர் வைத்து, பேன்ட் சட்டை மாட்டிவிட்டால் மேஜையில் இடம் உண்டு. கோவணத்தோடு களியாக வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவோம்.

இத்தனை ஆத்திரம் ஓர் உருண்டைக்கா என்று கேட்கலாம். உருண்டைக்குப் பின்னால் ஆள் இருக்கிறான் சார். ஒவ்வொரு வருஷமும் ராகி அறுவடைச் சமயத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் சானமாவு காடு வரை வருகிறது. ராகிக் கதிரின் ருசி யானைக்குத் தெரிந்திருக்கிறது! கொல்லைக்காரன் பட்டாசும் டார்ச்சுமாக பனியில் ராத்திரி பூராவும் கண் விழித்துக் காவல் காக்கிறான். அப்படிக் காத்ததில் உயிரை விட்டவர்களும் உண்டு. அந்த ராகி மூட்டையாகி டவுனுக்கு வந்தால், டவுன்காரன் "களியா, உவ்வே" என்கிறான். வாங்க ஆள் இல்லாத பயிரை எத்தனை நாள் காவல் காப்பான்? ரோஜாவுக்கோ தக்காளிக்கோ மாறுகிறான். இல்லையென்றால் பிளாட் போட்டு விற்கிறான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கொள்முதல் நிலையம் திறந்து விவசாயியிடமிருந்து ராகி வாங்கினார்கள். 2023-ல் முதல் கட்டமாக தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் ரேஷன் பை மட்டும் ஒரு தானியத்தைக் காப்பாற்றாது. வேலைக்குப் போகிற ஊரில் வெளியேதான் சாப்பிடுகிறார்கள். ஓட்டல் தட்டுக்கு வராத தானியம் மெல்ல மெல்ல மறந்துபோகும்.

"கட்டுப்படி ஆகாது சார்" என்பது ஓட்டல்காரர் வாதம். கணக்குப் போடுவோம். 2025-26-க்கு ராகிக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 4,886 ரூபாய். கிலோ 49 ரூபாய்க்குள். அரவை, வண்டிக்கூலி, வியாபாரி லாபம் எல்லாம் சேர்த்து மாவு கிலோ 70 ரூபாய் என்றே வையுங்கள். கிலோவுக்கு எட்டு உருண்டைக்குக் குறையாது. உருண்டைக்கு மாவுச் செலவு 9 ரூபாய். மிச்சமானால் மறுநாள் மோரில் கரைத்துக் கூழாக விற்கலாம். மிச்சப்பட்ட பரோட்டாவுக்கு இந்த யோகம் உண்டா?

"ஆள் வராது சார்" என்பது அடுத்த வாதம். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் போய்ப் பாருங்கள். மீன் வறுவலுக்கு மொய்க்கிற கூட்டத்தை யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள்? 'டேம் மீன்' என்று சொன்னாலே போதும், வண்டி நிற்கிறது. உள்ளூர் சரக்கை உள்ளூர்ப் பெயரோடு விற்றால் ஜனம் வரும்.

"வட இந்தியப் பசங்க வந்துட்டாங்க, அவங்களுக்கு ரொட்டிதான் வேணும்" என்பது மூன்றாவது. இதுவும் தெரியாமல் பேசுகிற பேச்சு. ஒடிசா மலைக்காரனிடம் 'மண்டியா' என்று சொல்லுங்கள். ஜார்க்கண்ட் பெண்ணிடம் 'மடுவா' என்று சொல்லுங்கள். முகம் மலரும். அது வேறொன்றுமில்லை, நம்ம ராகிதான். ஒடிசா அரசு 2017-லேயே அதற்காக ஓர் இயக்கமே ஆரம்பித்தது. ஓசூர் லைனில் நிற்கிற தொழிலாளிகளில் எத்தனையோ பேருக்கு ராகி பாட்டி வீட்டுச் சாப்பாடு. கேட்டால்தானே தெரியும்?

சரி, யார் ஆரம்பிப்பது? கம்பெனி கேன்டீன்கள்தான். கேன்டீன் ஒன்றும் முதலாளி போடுகிற பிச்சை இல்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வைக்கவேண்டும் என்றது 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம். 2020-ல் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை, கான்ட்ராக்ட் தொழிலாளிகளையும் சேர்த்து, 100 ஆக்கியது. வாரத்தில் ஒரே ஒரு வேளை களி போடட்டும். ஆளுக்கு நூறு கிராம் மாவு என்றால் பத்தாயிரம் பேருக்கு ஒரு வேளைக்கு 10 குவிண்டால். வருஷத்துக்கு 520 குவிண்டால். மானாவாரியில் ஏக்கருக்கு 8 குவிண்டால் என்று வைத்தாலும் 65 ஏக்கர் ராகிக்கு நிரந்தர கிராக்கி. இது வாரத்தில் ஒரே ஒரு வேளைக்கான கணக்கு.

சாப்பிடுகிறவருக்கும் நஷ்டமில்லை. நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் பத்தைத் தாண்டாது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிற பெண்பிள்ளைகளுக்கு இது வேண்டாமா? அதற்காக, களி சர்க்கரை வியாதியை விரட்டும் என்று வாட்ஸ்அப் வைத்தியம் சொல்லமாட்டேன். அளவில்லாமல் தின்றால் களியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். களி மருந்து இல்லை. சாப்பாடு. அந்த மரியாதை போதும் அதற்கு.

பரோட்டாவை ஒழிக்கச் சொல்லவில்லை. மந்தியும் இருக்கட்டும், மதுரையும் இருக்கட்டும். அந்தப் பட்டியலில் ஒரு வரி கேட்கிறேன். அதுவும் 'ஃபிங்கர் மில்லட் பால்ஸ்' என்று வேண்டாம். 'களி' என்று தமிழில். பக்கத்திலேயே கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதினால் ரொம்பச் சந்தோஷம்.

அதுவரை நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் "களி இருக்கா?" என்று கேளுங்கள். சத்தமாகக் கேளுங்கள். தினம் பத்துப் பேர் கேட்டால் பதினோராம் நாள் அடுப்பில் ஏறிவிடும். இனிமேல் யாராவது உங்களிடம் "களி திங்கப் போறே பார்" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். "எந்தக் கடையில?" என்று அட்ரஸ் கேளுங்கள்!