இடக்கைக் கித்தாருக்கு ஒரு கடை

இடக்கைக்காரர்களுக்கான கித்தார் மட்டும் விற்கும் கடை பிழைக்குமா? பாரிசில் இருக்கும் என் மகனுக்குத் தெரிந்த ஓர் இளைஞர் அப்படி ஒரு சின்னக் கடை வைக்கப் போகிறாராம். "100 பேரில் 10 பேர்தானேப்பா இடக்கை. அதில் கித்தார் வாசிக்கிறவன் எத்தனை பேர்?" என்று மகன் சிரிக்கிறான். கணக்கு சரிதான். ஆனாலும் என் ஓட்டு அந்த இளைஞருக்குத்தான்.

பாரிசுக்குப் போய் வந்தவர்களுக்குப் பிகால் பக்கம் உள்ள துவே தெரு தெரிந்திருக்கும். வரிசையாகக் கித்தார்க் கடைகள். இரண்டு வருடம் முன்பு பேத்தியை அங்கே அழைத்துப் போனேன். அவளும் என்னைப் போலப் பீச்சாங்கைக்காரி. ஒரு கடையில் கூரை வரை கித்தார் தொங்கியது; இடக்கைக்கு என்று மூலையில் ஒன்றே ஒன்று, அதுவும் பெரியவர்களுக்கானது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வாடகைக்கு, எப்போது விலைபோகும் என்று தெரியாத சரக்கை யார் அடுக்கி வைப்பார்கள்? ஆனால் அவர் சொன்ன யோசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை. "புதிதாகக் கற்பவர் எல்லாருக்குமே தடுமாறும், வலக்கையிலேயே பழகட்டும்" என்றார். பிள்ளை முகம் சுருங்கிவிட்டது.

இந்த யோசனையிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. தந்தியை அழுத்துவது இடக்கைதானே, இடக்கைக்காரனுக்கு அது லாபம்தானே என்பார்கள். மார்க் நாஃப்ளர் இடக்கைக்காரர்; வலக்கைக் கித்தார்தான் வாசிக்கிறார். ஆனால் தாளம் மீட்டுகிற கையில் இருக்கிறது. பால் மக்கார்ட்னி முதலில் வாங்கிய கித்தாரோடு மல்லுக்கட்டிப் பார்த்தார், கை வரவில்லை. இடக்கையில் வாசிக்கும் ஒரு பாடகரின் படத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்து, தந்திகளை மாற்றிக் கட்டினார். 1961இல் ஹாம்பர்கில் வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸ் கித்தாரை வாங்கியதற்கு அவர் சொன்ன காரணம், இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது.

"ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கைக் கித்தாரைக் கவிழ்த்துப் பிடித்து வாசிக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். வாசித்தார். அவர் ஹெண்ட்ரிக்ஸ். சாதாரணப் பிள்ளைக்குத் தந்தியை மட்டும் மாற்றிக் கட்டினால் போதாது. கழுத்தின் தலைமாட்டில் தந்திகள் உட்காரும் பள்ளங்கள் ஒவ்வொன்றும் அந்தந்தத் தந்தியின் பருமனுக்கு வெட்டியவை. தடித்த தந்தி மெல்லிய பள்ளத்தில் உட்காராது, மெல்லியது அகலப் பள்ளத்தில் ஆடும். கீழே தந்தி தாங்கும் சட்டத்தின் சாய்வும் தலைகீழாகிச் சுருதி ஒழுங்காக நிற்காது. மின்கித்தார் என்றால் குமிழ்கள் முழங்கையில் இடிக்கும். காசு கொடுத்து வாங்கியும் இரவல் சட்டை போட்ட மாதிரிதான்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் இடக்கையால் பேனாவைத் தொட்டால் மரக்கோல் விரல் முட்டியில் விழும். அந்த மொழியிலேயே 'கோஷ்' என்றால் இடது, அசடு இரண்டும்தான். 'துருவா' என்றால் வலது, சட்டம், உரிமை எல்லாம். நம் ஆட்களும் குறைந்தவர்கள் அல்ல, சோத்தாங்கை பீச்சாங்கை என்று பெயர் வைத்தவர்கள்தானே. முப்பத்தைந்து வருடம் வலக்கையால் கோப்பு எழுதிச் சம்பளம் வாங்கினேன். இன்றும் காய் நறுக்குவது இடக்கையால்தான்.

லண்டன் சோஹோவில் 1968இல் இடக்கைப் பொருட்களுக்கென்றே ஒரு கடை திறந்தார்கள். கத்தரிக்கோல், கத்தி என்று விற்று அது பல்லாண்டுகள் நடந்தது. எங்கும் கிடைக்காத பொருள் ஓரிடத்தில் கிடைக்கும் என்றால் ஆட்கள் ரயிலேறி வருவார்கள். ஆகவே அந்த இளைஞர் துவே தெரு வாடகை கொடுக்க வேண்டாம், ஒதுக்குப்புறமே போதும். பழுது பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். விலையை ஏற்றக் கூடாது. முக்கியமாகப் பிள்ளைகளுக்கான அரை, முக்கால் அளவுக் கித்தார்களை வைத்திருந்து, பிள்ளை வளர்ந்ததும் பழையதைத் திருப்பி எடுத்துக்கொண்டு பெரியதைக் கொடுக்க வேண்டும். அந்தப் பழசுக்கு அடுத்த பீச்சாங்கைப் பிள்ளை எங்கேயோ காத்திருக்கும்.